வானியல் தடயமும் ஆவண மெய்ம்மையும்: கொங்கு நாட்டு வரலாற்றுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குற்றப் புலனாய்வில் வானியல் கணக்கீடு சாட்சியின் கூற்றைச் சரிபார்க்கும் கருவியாகப் பயன்படுகிறது. அதே கணக்கீடு, பழைய ஆவணங்கள் மெய்யானவையா போலியானவையா என்று அறியவும் நூறாண்டுக்கும் மேலாகத் தென்னிந்தியாவில் பயன்பட்டு வருகிறது. கொங்கு நாட்டின் தொடக்க வரலாறு எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டதன் பெரும்பகுதி, ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் சுவடியையும் கங்கர் பெயரிலான சில செப்பேடுகளையும் சார்ந்தது. அச்செப்பேடுகளின் காலக் குறிப்புகளை வானியல் அடிப்படையில் சோதிப்பதும், அச்சோதனையின் வலிமையையும் எல்லையையும் வரையறுப்பதும், கொங்கு நாட்டுப் பிற்காலச் செப்பேடுகளுக்கு அதனைப் பொருத்தும் முறையைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, செப்பேடு, போலி ஆவணம், பஞ்சாங்கம், திதி, யோகம், கங்கர், சாமிக்கண்ணுப் பிள்ளை, சாட்சியச் சட்டம்.

முன்னுரை

ஓர் ஆவணம் போலியா என்று அறிய எழுத்தமைதி, மொழிநடை, ஆட்சிச் சொற்கள், பொறிக்கப்பட்ட பொருளின் தன்மை ஆகியவை ஆராயப்படுகின்றன. இவை அனைத்தும் ஆய்வாளரின் பயிற்சியையும் மதிப்பீட்டையும் ஓரளவு சார்ந்தவை. ஓர் எழுத்து வடிவம் எட்டாம் நூற்றாண்டினதா ஒன்பதாம் நூற்றாண்டினதா என்பதில் அறிஞர் இருவர் மாறுபடலாம். ஆனால் ஓர் ஆவணம் தான் எழுதப்பட்ட நாளின் திதி, கிழமை, விண்மீன், யோகம் ஆகியவற்றைக் குறிப்பிடுமாயின், அது வானத்தைத் தனக்குச் சாட்சியாக அழைக்கிறது. அச்சாட்சியை யாரும் மாற்றி எழுத இயலாது. அது மீண்டும் கணக்கிடத்தக்கது.

கொங்கு நாட்டு வரலாற்றில் இச்சிக்கல் வெறும் ஏட்டளவினது அன்று. கொங்கு நாட்டின் அரச மரபு எப்போது தொடங்கியது என்ற வினாவும், ஒரு நிலம் அல்லது உரிமை ஒரு குடும்பத்துக்கோ கோயிலுக்கோ சமுதாயத்துக்கோ உரியதா என்ற வினாவும் செப்பேடுகளின் மெய்ம்மையைச் சார்ந்தே விடை பெற்றன. எனவே முதலில் நீதிமன்றத்தில் வானியல் எவ்வாறு சான்றாகிறது என்பது சுருக்கமாகக் காட்டப்பட்டு, பின்னர் அதே அளவுகோல் செப்பேடுகளுக்குப் பொருத்தப்படுகிறது.

1. நீதிமன்றத்தில் வானியல் சான்று

வானியல் கணக்கு ஒரு கொலை வழக்கின் போக்கை மாற்றிய நிகழ்வுகளுள் மிகவும் அறியப்பட்டது 1858ஆம் ஆண்டு மே 7 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் பியர்ட்ஸ்டவுனில் நடைபெற்ற வழக்காகும். 1857 ஆகஸ்டு 29 இரவு ஏறத்தாழ 11 மணியளவில் நிகழ்ந்த தாக்குதலை 150 அடித் தொலைவிலிருந்து நிலவொளியில் தெளிவாகக் கண்டதாக முதன்மைச் சாட்சி கூறினார். எதிரிக்காக வழக்காடிய ஆபிரகாம் லிங்கன் அவ்வாண்டின் பஞ்சாங்கத்தை நீதிமன்றத்தில் காட்டி, அந்நேரத்தில் நிலவு மேற்கு அடிவானை நெருங்கியிருந்தது என்று நிறுவினார். எதிரி விடுவிக்கப்பட்டார். பின்னாளில், லிங்கன் காட்டிய பஞ்சாங்கமே போலி என்று ஒரு வதந்தி பரவியது. டொனால்டு ஓல்சன், ரஸ்ஸல் டோஷர் ஆகியோர் 1990இல் அவ்விரவின் நிலவு நிலையை மீண்டும் கணக்கிட்டு, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.03 மணிக்கு நிலவு மறைந்தது என்று காட்டினர். சாட்சியின் கூற்றையும், அதனை மறுத்த ஆவணத்தின் மீதான ஐயத்தையும் ஒரே கணக்கு தீர்த்துவைத்தது.

இந்தியச் சட்டமும் இத்தகைய சான்றுக்கு இடமளிக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, நீதிமன்றம் மெய்ப்பிப்பு வேண்டாமலே ஏற்கத்தக்க செய்திகளுள் காலப் பகுப்புகளையும் சேர்த்தது. தக்க நூல்களையும் ஆவணங்களையும் துணைக்கொள்ளவும் நீதிமன்றத்திற்கு உரிமை தந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 52ஆம் பிரிவு இவ்வகையைத் தொடர்கிறது. ஆகவே குறிப்பிட்ட இரவில் நிலவு எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்பதை நீதிமன்றம் நாட்காட்டியைக் கொண்டு அறியலாம்.

எனினும் வானியல் கணக்கு வழக்கின் முடிவைத் தானே எழுதிவிடுவதில்லை. பீகார் மாநிலக் கொலை வழக்கொன்றில், நிலவொளி இல்லாத இரவில் தாக்கியோரை அடையாளம் கண்டிருக்க இயலாது என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நிலவு இல்லை எனக் கொண்டாலும், தாக்கியோர் இருந்த அண்மை, விண்மீன்களின் மெல்லிய ஒளி, முன்னரே இருந்த அறிமுகம் ஆகியவற்றையும் சேர்த்தே அடையாளம் காணலை மதிப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. வானத்தின் நிலை உறுதியானது. அதிலிருந்து மனிதச் செயலைப் பற்றி எடுக்கும் முடிவு பிற சான்றுகளோடு இணைய வேண்டும் என்பதே இவ்வணுகுமுறையின் சாரம். செப்பேட்டு ஆய்விலும் இதே வேறுபாடு காக்கப்பட வேண்டும்.

2. தென்னிந்தியாவில் காலக் கணிதக் கருவிகளின் வளர்ச்சி

லிங்கன் பஞ்சாங்கத்தை நீதிமன்றத்தில் காட்டிய அதே 1858இல், சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. வரியின்றியோ குறைந்த வரியிலோ நிலம் துய்த்தோர் தம் உரிமைக்கான ஆதாரங்களை அதன்முன் வைக்க வேண்டியிருந்தது. 1799இல் கும்பினியாரின் ஆட்சிக்கு உட்பட்ட கோயம்புத்தூர்ப் பகுதியும் இதற்கு விலக்கன்று. செப்பேடு என்பது பூசையறையில் வைத்து வணங்கும் பொருளாக இருந்த நிலையிலிருந்து, அரசு அலுவலர் முன் காட்டும் சான்றாக மாறியது. மெய்யான ஆவணத்தை இழந்தோருக்கும், ஆவணமே இல்லாதோருக்கும் புதிதாக ஒன்றை உருவாக்கும் தூண்டுதலை இத்தகைய சூழல் அளிக்கக்கூடியதாக இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பொய்யாவணம் புனைவதையும் அதனை மெய்யெனப் பயன்படுத்துவதையும் குற்றங்களாக வரையறுத்தது. மறுபுறம், 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, உரிய காவலிலிருந்து கொணரப்படும் முப்பது ஆண்டு கடந்த ஆவணத்தின் மெய்ம்மையை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்றது. ஆவணத்தின் பழமையே அதற்கு வலிமை சேர்த்த நிலையில், அப்பழமையைச் சோதிக்கும் கருவி இன்றியமையாததாயிற்று.

அக்கருவி படிப்படியாக உருவாயிற்று. சென்னை வானியல் ஆய்வகத்தோடு தொடர்புடைய ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ தென்னிந்திய மக்கள் காலத்தைப் பகுக்கும் முறைகளை விளக்கியது. 1896இல் இராபர்ட் சீவெல், சங்கர் பாலகிருஷ்ண தீட்சித் இருவரும் இந்திய நாட்காட்டி பற்றிய அட்டவணை நூலை வெளியிட்டனர். பிரான்சு கீல்ஹார்ன் சோழ, பாண்டிய மன்னர்களின் கல்வெட்டுக் காலக் குறிப்புகளைக் கணக்கிட்டு அவர்தம் முடிசூட்டு ஆண்டுகளை வரையறுத்தார்.

இவ்வரிசையில் தமிழர் ஒருவரின் பங்களிப்பு தலையாயது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) 1911இல் வெளியிட்ட இந்தியக் காலவியல் நூல், திதி, விண்மீன், சாதகம் முதலியவற்றைச் சரிபார்க்கும் நடைமுறைக் கையேடாக அமைந்தது. 1922இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுதி கி.பி. 700 முதல் 1799 வரையிலான காலத்துக்குத் திதி, விண்மீன் விவரங்களைத் தந்தது. இதனால் கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாத கல்வெட்டாய்வாளரும் ஒரு காலக் குறிப்பைச் சில நிமிடங்களில் சோதிக்க இயன்றது.

சாதகத்தைச் சோதிக்கும் முறை இங்குக் குறிப்பிடத்தக்கது. வயதை மாற்றிக் காட்டப் பிறந்த ஆண்டை இரண்டாண்டு முன்னோ பின்னோ நகர்த்தி எழுதுவோர் கட்டத்தில் உள்ள கோள்களையும் நகர்த்த வேண்டும். வியாழன் ஓராண்டில் ஏறத்தாழ ஓர் இராசி கடக்கிறது. இராகு ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை ஆண்டும், சனி ஏறத்தாழ இரண்டரை ஆண்டும் ஆகின்றன. ஆண்டை மட்டும் திருத்திக் கட்டத்தைத் திருத்தாது விட்டால் வியாழனின் இடமே பொய்யைக் காட்டிக்கொடுக்கும். மூன்று கோள்களின் இருப்பும் ஒருங்கே பொருந்தும் ஆண்டு ஒரு மனித வாழ்நாளுக்குள் மீண்டும் வருவது அரிது.

3. ‘கொங்குதேச ராஜாக்கள்’ சுவடியும் கங்கர் செப்பேடுகளும்

காலின் மெக்கன்சியின் தொகுப்பில் இடம்பெற்ற ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் தமிழ் உரைநடைச் சுவடி, கொங்கு நாட்டை ஆண்டோரைத் தொடக்க மரபினர், கங்கர், சோழர், பின்வந்தோர் என வரிசைப்படுத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜான் டௌசன் இதனைக் கொண்டு சேர நாட்டின் வரலாற்றையும் காலத்தையும் எழுத முற்பட்டார். வில்லியம் டெய்லர் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கோவைகிழார் சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பித்த தமிழ் மூலம் 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி வெளிவந்தது.

கங்க மன்னர்களின் ‘கொங்கணி’ என்னும் பட்டப்பெயர் கொங்கு நாட்டோடு இயைத்துப் பொருள்கொள்ளப்பட்டது. சுவடியில் வரும் கங்க மன்னர் பெயர்களும் செப்பேடுகளில் வரும் பெயர்களும் ஒத்திருந்தமையால், ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மைசூர்ப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸ் அச்செப்பேடுகளின் மெய்ம்மையை ஏற்று, கங்கர் மரபைக் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசென்றார். பம்பாய் ஆட்சிப் பணியிலிருந்த ஜே.எஃப். ஃப்ளீட் இதனைக் கடுமையாக மறுத்தார். 1901இல் ‘இந்தியன் ஆன்டிகுவெரி’ இதழில் அவர் வெளியிட்ட போலி ஆவணங்களின் பட்டியலில் கங்கர் செப்பேடுகள் பல இடம்பெற்றன.

சுவடியும் செப்பேடும் ஒத்துச்செல்வது இரண்டுக்கும் மெய்ம்மை தந்துவிடாது. சுவடியை எழுதியோர் செப்பேடுகளைக் கண்டு எழுதியிருக்கலாம்; இரண்டும் ஒரே பிற்கால மரபுரையிலிருந்து தோன்றியிருக்கலாம். ஒரு வழக்கில் இரு சாட்சிகள் ஒரே செய்தியைக் கூறினாலும், ஒருவரிடமிருந்து மற்றவர் கேட்டறிந்தாராயின் அது ஒரு சாட்சியமே ஆகும். ஆகவே இவ்விரண்டையும் சாராத மூன்றாவது சான்று வேண்டும். காலக் குறிப்பின் கணிதம் அத்தகைய சான்றாகும்.

4. சகம் 169: தஞ்சாவூர்ச் செப்பேட்டின் காலக் குறிப்பு

ஹரிவர்மன் என்னும் கங்க மன்னனின் பெயரால் அமைந்து, தஞ்சாவூரில் கிடைத்த செப்பேட்டை ஃப்ளீட் 1879இல் வெளியிட்டுப் போலி எனக் குறித்தார். அது சக ஆண்டு 169 கடந்தது, பிரபவ ஆண்டு, பங்குனி (பால்குன) அமாவாசை, வெள்ளிக்கிழமை, ரேவதி விண்மீன், விருத்தி யோகம், இடப இலக்கினம் என்று தன் நாளைக் கூறுகிறது. இவ்வளவு விரிவான குறிப்பு நம்பகத்தைத் தருவது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே சோதிக்கத்தக்கது.

முதலாவது, யோகம். சூரியன், சந்திரன் ஆகிய இரண்டின் தீர்க்கப் பாகைகளையும் கூட்டி 13 பாகை 20 கலையால் வகுத்து யோகம் பெறப்படுகிறது. ரேவதி 346 பாகை 40 கலை முதல் 360 பாகை வரை பரந்தது. அமாவாசைத் திதியில் சந்திரன் சூரியனுக்கு 12 பாகைக்கு மிகாது பின்தங்கி நிற்கும். ஆகவே சந்திரன் ரேவதியில் நிற்க, திதி அமாவாசையாக இருந்தால், இரண்டின் கூட்டுத்தொகை 360 பாகையைக் கழித்தபின் 333 பாகை 20 கலைக்கும் 372 பாகைக்கும் இடைப்பட்டே அமையும். அதற்குரிய யோகங்கள் 26ஆவதான ஐந்திரம், 27ஆவதான வைதிருதி, மீண்டும் முதலாவதான விஷ்கம்பம் ஆகிய மூன்று மட்டுமே. செப்பேடு கூறும் விருத்தி 11ஆவது யோகம். அது 133 பாகை 20 கலை முதல் 146 பாகை 40 கலை வரையிலானது. எனவே அமாவாசை, ரேவதி, விருத்தி ஆகிய மூன்றும் எந்த ஆண்டிலும், எந்த நாளிலும் ஒருங்கே நிகழ இயலாதவை. இம்முடிவுக்குச் சக ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. குறிப்பு தனக்குள்ளேயே முரண்படுகிறது.

இரண்டாவது, கிழமை. சகம் 169 கடந்த ஆண்டின் பங்குனி அமாவாசை கி.பி. 248 மார்ச்சு 11, 12 ஆகிய நாள்களை ஒட்டி அமைகிறது. அவை சனி, ஞாயிறு ஆகிய கிழமைகள். வெள்ளிக்கிழமை மார்ச்சு 10ஆம் நாள். அன்று காலை அமாவாசை தொடங்கியிருக்கவில்லை. கிழமை பொருந்தவில்லை என்பதோடு, கிழமை கூறப்படுவதே ஐயத்துக்குரியது. இந்தியக் கல்வெட்டுகளில் உறுதியாகக் காலம் அறியப்பட்ட கிழமைக் குறிப்புகளுள் மிகப் பழையதாகப் புதகுப்தனின் ஏரண் கல்வெட்டு குறிக்கப்படுகிறது. அதன் நாள் கி.பி. 484 சூன் 21, வியாழக்கிழமை. செப்பேடு கூறும் நாளோ அதற்கு 236 ஆண்டுகள் முந்தையது.

மூன்றாவது, ஆண்டின் பெயர். முதல் இரு உறுப்புகள் பொருந்தாமையால் ஐயம் தருபவை. இது பொருந்துவதனாலேயே ஐயம் தருவது. தென்னாட்டு முறையில் கடந்த சக ஆண்டோடு 12 கூட்டி 60ஆல் வகுத்த மீதியே ஆண்டுப் பெயரின் வரிசை எண். 169 உடன் 12 சேர்ந்தால் 181. 60ஆல் வகுக்க மீதி 1. முதலாம் ஆண்டு பிரபவ. கணக்கு சரியாகவே உள்ளது. ஆனால் இம்முறை மூன்றாம் நூற்றாண்டினது அன்று. அறுபதாண்டுச் சுழற்சி வியாழனின் இயக்கத்தைத் தழுவியது. வியாழன் ஓர் இராசியைக் கடக்கும் காலம் சூரிய ஆண்டினும் சற்றே குறைவானதால், ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெயர் விடுபட வேண்டும். தென்னாட்டில் இவ்விடுபாட்டைக் கைவிட்டு, பெயர்களை இடையறாது எண்ணும் வழக்கம் கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஏற்பட்டது. அதற்கு ஏறத்தாழ 660 ஆண்டுகள் முந்தைய ஓர் ஆண்டுக்கு, வியாழக் கணக்கின்படியான பெயர் தென்னாட்டுக் கணக்கினும் ஏழெட்டுப் பெயர்கள் வேறுபட்டிருக்க வேண்டும். செப்பேட்டை எழுதியவர் தம் காலத்துத் தென்னாட்டு முறையைப் பின்னோக்கி எண்ணியே பிரபவ ஆண்டை அடைந்துள்ளார். எனவே அவர் பத்தாம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோ வாழ்ந்தவராதல் வேண்டும்.

இம்மூன்றும் வெவ்வேறு வகைச் சான்றுகள். யோகம் அகமுரணைக் காட்டுகிறது. கிழமை கணக்குப் பிழையையும் கால முரணையும் காட்டுகிறது. ஆண்டுப் பெயர் புனைந்தவரின் காலத்தை வரையறுக்கிறது. எழுத்தமைதியை முன்னிறுத்தி ஃப்ளீட் கொண்ட முடிவுக்கு இவை தனித்து நின்று வலுச்சேர்க்கின்றன.

5. மெர்க்காரா செப்பேடு: எழுத்தர் பிழையும் புனைவும்

குடகு நாட்டு மெர்க்காராவில் கிடைத்த செப்பேடு கங்க மன்னன் அவினீதனுக்குரியதாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. 388ஆம் ஆண்டு, மாசி (மாக) மாதம், திங்கட்கிழமை, சுவாதி விண்மீன், வளர்பிறை ஐந்தாம் திதி என்பது அதன் காலக் குறிப்பு. இன்ன ஆண்டுமுறை என்று கூறப்படாவிடினும் சக ஆண்டாகவே கொள்ளப்பட்டு, கி.பி. 466ஐ ஒட்டிய காலம் குறிக்கப்பட்டது. கங்கர் காலவரிசைக்கு இது நெடுநாள் அடிப்படைச் சான்றாக இருந்தது.

வளர்பிறை ஐந்தாம் திதியில் சந்திரன் சூரியனுக்கு 48 முதல் 60 பாகை முன்னே நிற்கும். சுவாதியின் பரப்பு 186 பாகை 40 கலை முதல் 200 பாகை வரை. அவ்வாறாயின் சூரியன் 126 பாகை 40 கலைக்கும் 152 பாகைக்கும் இடையில், அதாவது பெரும்பாலும் சிம்ம இராசியில் நிற்க வேண்டும். அது ஆவணி மாதம். மாக மாத வளர்பிறை ஐந்தாம் நாளிலோ சந்திரன் பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகியவற்றை ஒட்டியே நிற்கும். எனவே குறிப்பு உள்ளவாறே பொருந்தாது.

ஆயினும் இங்கு ஒரு நுண்மை உண்டு. வளர்பிறை என்பதைத் தேய்பிறை எனக் கொண்டால் நிலைமை மாறுகிறது. தேய்பிறை ஐந்தில் சந்திரன் 228 முதல் 240 பாகை முன்னே நிற்பதால், சூரியன் கும்பத்தில் 306 பாகை 40 கலையைக் கடந்திருக்கும் போது சுவாதி பொருந்தும். மாக மாதத்தில் இது இயல்பாக நிகழக்கூடியது. மெய்யான ஆவணங்களிலும் எழுத்தர் பக்கத்தை மாற்றி எழுதியுள்ளமையைக் கல்வெட்டுக் காலக் குறிப்புகளை ஆராய்ந்தோர் பலமுறை கண்டுள்ளனர். ஆகவே விண்மீன் பொருந்தாமை ஒன்றை மட்டும் கொண்டு மெர்க்காரா செப்பேட்டைப் போலி என்பது முறையாகாது. தஞ்சாவூர்ச் செப்பேட்டின் யோக முரண் ஒரே சொல் மாற்றத்தால் தீர்ந்தாலும், கிழமையும் ஆண்டுப் பெயரும் எஞ்சிநிற்கும். மெர்க்காரா செப்பேட்டின் விண்மீன் முரணோ ஒரே சொல் மாற்றத்தால் தீர்ந்துவிடுகிறது.

மெர்க்காரா செப்பேட்டை ஐயத்துக்குள்ளாக்குவது அதன் உள்ளடக்கமே. அகாலவர்ஷ பிருதுவிவல்லபனின் அமைச்சரைப் பற்றி அது பேசுகிறது. அகாலவர்ஷன் என்பது இராட்டிரகூட மன்னர் தாங்கிய பட்டம். ஐந்தாம் நூற்றாண்டு ஆவணத்தில் அதற்கு இடமில்லை. ஏரண் கல்வெட்டுக்கு முந்தைய காலத்தில் கிழமை கூறப்படுவதும் இவ்வையத்தை மிகுவிக்கிறது. இவ்விடத்தில் வானியல் துணைச்சான்று. முதன்மைச் சான்று வரலாற்றுச் செய்தியே.

இச்சோதனைகளால் கங்கர் மரபே கற்பனை என்று முடிவுசெய்வது தவறாகும். பெனுகொண்டா செப்பேடு போன்றவை பின்னர் வெளிப்பட்டபோது, அதனை மெய்யானதென ஏற்றவர்களுள் ஃப்ளீட்டும் ஒருவர். போலிகளை விலக்கியதால் மரபு மறையவில்லை. அதன் தொடக்கம் மட்டுமே பின்னகர்ந்தது. கொங்கு வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஆதித்த சோழனின் கொங்கு வெற்றி போன்ற பிற்பகுதிச் செய்திகளுக்குச் சுவடி பயன்படும் மூலமாகவே நிற்கிறது. தொடக்கப் பகுதியின் ஆண்டுக் கணக்கை மட்டும் அதன்மேல் ஏற்ற இயலாது.

6. கொங்கு நாட்டுப் பிற்காலச் செப்பேடுகளுக்கு உரிய சோதனை

கொங்கு நாட்டில் விசயநகர, நாயக்க, மைசூர் ஆட்சிக் காலங்களைச் சேர்ந்தனவாகச் சமுதாயச் செப்பேடுகள் பல கிடைத்துள்ளன. புலவர் செ. இராசு முதலியோரின் தேடலாலும் பதிப்பாலும் அவை ஆய்வுலகுக்குக் கிடைத்தன. இவற்றில் கலியாண்டு, சாலிவாகன சகாப்தம், அறுபதாண்டுப் பெயர், தமிழ் மாதம், திதி, கிழமை, விண்மீன் எனப் பல உறுப்புகள் அடுக்கிக் கூறப்படும் மரபு காணப்படுகிறது. ஒரே காலத்தைப் பல முறைகளில் கூறுவதால் இவை சோதனைக்கு மிகவும் ஏற்றவை.

முதற்படி ஆண்டுகளின் இயைபு. கடந்த சக ஆண்டோடு 3179 கூட்டினால் கடந்த கலியாண்டு வரும். கலியாண்டோடு 13 கூட்டி 60ஆல் வகுத்தாலும், சக ஆண்டோடு 12 கூட்டி 60ஆல் வகுத்தாலும் ஒரே மீதி வரவேண்டும். எடுத்துக்காட்டாக, சகம் 1580 என்றிருந்தால் கலி 4759 ஆகும்; இரண்டு வழியிலும் மீதி 32; ஆண்டு விளம்பி; காலம் கி.பி. 1658–59. ஓர் ஆண்டு வேறுபாடு கடந்த ஆண்டு, நடப்பு ஆண்டு ஆகிய வழக்குகளால் நேரலாம்; அது பிழையன்று. பல ஆண்டுகள் வேறுபட்டால் மட்டுமே ஐயம் எழும்.

இரண்டாம்படி மாதம், திதி, விண்மீன் ஆகியவற்றின் அகவியைபு. சூரியன் நிற்கும் இராசி மாதத்தால் தெரியும். திதி சந்திரனின் விலகலைத் தரும். இரண்டையும் கொண்டு விண்மீன் மூன்று நான்கனுள் ஒன்றாக வரையறுக்கப்படும். ஆண்டு தெரியாத நிலையிலும் இச்சோதனை நிகழ்த்தலாம் என்பதே இதன் சிறப்பு.

மூன்றாம்படி கிழமை. இது சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணை கொண்டோ கணினி கொண்டோ பார்க்கப்பட வேண்டும். கிழமை தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு ஏழில் ஒன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவே கிழமை பொருந்துவது மட்டுமே மெய்ம்மைக்குப் போதிய சான்றாகாது. ஆட்சியாண்டு மட்டும் கூறும் கொங்குச் சோழர் கல்வெட்டுகளிலும், இத்தகைய உறுப்புகள் இருக்குமிடத்து ஒரே மன்னனின் பல கல்வெட்டுகளை ஒருங்கே கணக்கிட்டு, அனைத்துக்கும் பொதுவாகப் பொருந்தும் முடிசூட்டு ஆண்டைக் காண்பதே பாதுகாப்பானது.

7. முறையின் எல்லைகள்

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் சில மணிநேரம் வேறுபடுவதைக் கொங்கு மக்கள் இன்றும் விழாநாள்களில் காண்கின்றனர். பழைய ஆவணங்கள் அக்காலச் சித்தாந்த முறைப்படி எழுதப்பட்டவை. எனவே இன்றைய துல்லியக் கணக்கோடு ஒரு நாள் வேறுபட்டால் உடனே போலி எனக் கூறலாகாது. மாதப் பிறப்பு விதி, அமாவாசையில் முடியும் மாதம், பௌர்ணமியில் முடியும் மாதம் என்ற வேறுபாடு ஆகியவையும் கருதப்பட வேண்டும்.

மெய்யான பழைய ஆவணம் சிதைந்தபோது புதிய செப்பேட்டில் படியெடுக்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய படியில் எழுத்து பிற்காலத்ததாகவும் காலக் குறிப்பு முற்காலத்துக்குச் சரியானதாகவும் அமையும். எழுத்தமைதியால் மட்டும் போலி எனத் தள்ளப்படக்கூடிய ஆவணத்தை வானியல் காப்பாற்றும் இடம் இது. மறுதலையாக, கணிதம் வல்ல ஒருவர் பழைய நாளொன்றைச் சரியாகக் கணக்கிட்டுப் புனைதலும் இயலும். பொருந்தாமை போலிமையை முற்றாக நிறுவாது; பொருந்துதல் மெய்ம்மையை முற்றாக நிறுவாது. அகமுரண், கால முரண், புறச்சான்று ஆகிய மூன்றும் ஒரே திசையில் செல்லும்போதே முடிவு உறுதிப்படும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தஞ்சாவூர்ச் செப்பேட்டின் காலக் குறிப்பில் அமாவாசை, ரேவதி, விருத்தி யோகம் ஆகியவை ஒருங்கே நிகழ இயலாதவை. அதன் ஆண்டுப் பெயர் சரியாக அமைந்திருப்பதே, அது பத்தாம் நூற்றாண்டிலோ அதன் பின்னரோ புனையப்பட்டது என்பதற்குச் சான்றாகிறது. மெர்க்காரா செப்பேட்டின் விண்மீன் முரண் எழுத்தர் பிழையாலும் விளக்கத்தக்கது. அதன் மெய்ம்மை வரலாற்றுக் குறிப்புகளாலேயே மறுக்கப்பட வேண்டும். இவ்விரு செப்பேடுகளையும் ‘கொங்குதேச ராஜாக்கள்’ சுவடியையும் ஒன்றுக்கொன்று சான்றாக்கிக் கொங்கு நாட்டின் தொடக்க அரச மரபைக் கட்டமைப்பது ஏற்புடையதன்று.

கொங்கு நாட்டுப் பிற்காலச் செப்பேடுகளைப் பதிப்பிக்கும்போது ஒவ்வொன்றின் காலக் குறிப்பையும் மேற்கூறிய மூன்று படிகளில் சோதித்து, பொருந்துவன, பொருந்தாதன, பிழையென விளக்கத்தக்கன எனக் குறிப்பது பதிப்பு முறையின் ஒரு பகுதியாதல் வேண்டும். ஒரு குடியின் உரிமையும் பெருமையும் சார்ந்திருக்கும் ஆவணங்களை ஆராயாது ஏற்பதும், ஒரு கிழமை பொருந்தவில்லை என்று ஆராயாது தள்ளுவதும் அக்குடிக்குச் செய்யும் ஒரே வகைத் தீங்காகும். நிலவில்லா இரவு என்ற கணக்கோடு நில்லாது, நின்ற தொலைவையும் முன்னறிமுகத்தையும் நீதிமன்றம் எடைபோட்டது. செப்பேட்டு ஆய்வாளரும் அந்த அளவுகோலையே கைக்கொள்ள வேண்டும்.